‘இறுதிநிலை’ என்னும் கலைச்சொல்லும் வகைக்கெழு என்னும் கருத்தும்: பொருளியல், வணிகவியல் மாணவர்க்கான கணிதத்தைத் தமிழில் விளக்குதல் (எளாவூர் – கும்மிடிப்பூண்டி தொழிற்பகுதியை முன்வைத்து)

ஆய்வுச் சுருக்கம்

பொருளியல், வணிகவியல், நிதியியல் ஆகிய துறைகளில் பட்டப்படிப்பு பயிலும் மாணவர்கள் இயற்கணிதத்தையும் நுண்கணிதத்தையும் துணைப்பாடமாகக் கற்கின்றனர். அப்பாடத்தின் மையக் கருத்துகளுள் ஒன்று தமிழ்நாட்டில் ‘இறுதிநிலை’ என்றும் இலங்கையில் ‘எல்லை’ என்றும் பெயர்பெறுகிறது. ‘விளிம்புநிலை’ என்னும் சொல்லும் வழங்குகிறது. இச்சொற்கள் மாணவரின் புரிதலை எங்ஙனம் வழிப்படுத்துகின்றன, எவ்விடத்தில் தடுமாறச் செய்கின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. திருவள்ளூர் மாவட்டம் எளாவூர், கும்மிடிப்பூண்டி பகுதியின் இரும்புத் தொழிலும் மாநில எல்லை வணிகமும் எடுத்துக்காட்டுக் களங்களாகக் கொள்ளப்பட்டுள்ளன.

திறவுச்சொற்கள்: இறுதிநிலைச் செலவு, வகைக்கெழு, தொகையீடு, வரிச்சுமை, கலைச்சொல்லாக்கம், எளாவூர்.

முன்னுரை

சென்னைக்கு வடக்கே, சென்னை – கொல்கத்தா தேசிய நெடுஞ்சாலையில், ஆந்திர எல்லையை அடுத்துள்ள ஊர் எளாவூர். இதற்குத் தெற்கே கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை அமைந்துள்ளது. வடக்கே ஆரம்பாக்கத்தைக் கடந்தால் ஆந்திரத்தின் தடா. இரும்பு உருக்கும் உலைகளும் கம்பி உருட்டும் ஆலைகளும் இப்பகுதித் தொழில்களுள் குறிப்பிடத்தக்கவை. சுற்றுவட்டார மாணவர்களுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்துடன் இணைவுபெற்ற பொன்னேரி உலகநாத நாராயணசாமி அரசு கலைக் கல்லூரி போன்றவை உயர்கல்வி வாயில்களாக உள்ளன.

மேல்நிலை வகுப்பில் வணிகவியல் பிரிவு மாணவர் அனைவரும் கணிதம் கற்பதில்லை. ‘வணிகக் கணிதம் மற்றும் புள்ளியியல்’ பாடத்தை எடுத்தோரும், அதற்கு மாற்றாக வேறு பாடத்தை எடுத்தோரும் கல்லூரியில் ஒரே வகுப்பில் அமர்கின்றனர். முன்னவருக்கு வகைக்கெழு பழகிய ஒன்று. பின்னவருக்கோ அது புதிய குறியீடு. இரு சாராருக்கும் பொதுவாக இருப்பது பொருளியல் பாடத்தில் கேட்ட ‘இறுதிநிலை’ என்னும் சொல் ஒன்றே. ஆகவே கணிதத்தினுள் நுழைவதற்கான வாயிலாக அச்சொல்லே அமைகிறது. அவ்வாயில் சரியான திசையில் திறக்கிறதா என்பதே இக்கட்டுரையின் வினா.

இக்கட்டுரையில் வரும் செலவு, விலை, வரி ஆகியவற்றின் எண்கள் விளக்கத்திற்காக அமைத்துக்கொள்ளப்பட்டவை. எந்த ஆலையின் கணக்கும் அன்று. உற்பத்தி அளவு ‘உ’ எனவும், மொத்தச் செலவு ‘செ’ எனவும், விலை ‘வி’ எனவும், வரி ‘வ’ எனவும் குறிக்கப்படுகின்றன.

ஒரு கருத்து, மூன்று பெயர்

இக்கருத்துக்குத் தமிழில் மட்டுமன்றி ஐரோப்பிய மொழிகளிலும் ஒன்றுக்கு மேற்பட்ட பெயர்கள் இருந்தன. பிரெஞ்சு அறிஞர் கூர்னோ 1838ஆம் ஆண்டிலேயே முற்றுரிமையாளரின் வருவாயை வகையிட்டு மீப்பெரு ஆதாயத்தைக் கண்டார். அவரிடம் கணிதம் இருந்தது. கருத்துக்குத் தனிப்பெயர் நிலைபெறவில்லை. ஜெர்மானியரான கோசென் 1854இல் நுகர்பொருளின் கடைசி அணு தரும் மதிப்பைப் பற்றிப் பேசினார். ஆங்கிலேயரான ஜெவன்சு 1871இல் வெளியிட்ட நூலில் ‘பயன்பாட்டின் இறுதி அளவு’ எனப் பொருள்படும் தொடரைக் கையாண்டார்; அதனைப் பயன்பாட்டுச் சார்பின் வகைக்கெழுவாகவே வரையறுத்தார். ஆஸ்திரியரான வீசர் 1884இல் ‘எல்லை’ எனப் பொருள்படும் ஜெர்மன் சொல்லை முன்னொட்டாக வைத்து ஒரு தொடரை வழக்குக்குக் கொணர்ந்தார். அதனை ஆங்கிலத்தில் ‘விளிம்பு’ எனப் பொருள்படும் சொல்லால் விக்சுடீட் 1888இல் பெயர்த்தார். 1890இல் வெளிவந்த மார்சலின் பொருளியல் நூல் அச்சொல்லை உலகெங்கும் பரப்பியது.

இறுதி, எல்லை, விளிம்பு என்னும் இம்மூன்று உருவகங்களும் இன்று தமிழில் ஒருசேர வாழ்கின்றன. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் ‘இறுதிநிலைப் பயன்பாடு’, ‘இறுதிநிலைச் செலவு’ என்கின்றன. இலங்கைப் பொருளியல் பாடநூல் மரபில் ‘எல்லைப் பயன்பாடு’, ‘எல்லைச் செலவு’ என்பன வழக்கு. ‘விளிம்புநிலை’ என்பதும் சிலரால் ஆளப்படுகிறது.

ஒவ்வொரு சொல்லும் ஒரு நன்மையையும் ஓர் இடர்ப்பாட்டையும் உடன்கொண்டு வருகிறது. ‘எல்லை’ என்னும் சொல் வகைக்கெழுவின் அடிப்படைக்கு நெருக்கமானது. எனினும் கணிதத்தில் ‘எல்லை’ என்பது சார்பு அணுகும் மதிப்பைக் குறிக்கும் தனிக் கலைச்சொல். தொகையீட்டிலும் கீழெல்லை, மேலெல்லை என வருகிறது. எனவே ‘எல்லைச் செலவின் எல்லை’ என்பது போன்ற குழப்பத்துக்கு அது இடமளிக்கிறது. ‘விளிம்புநிலை’ என்னும் சொல் சமூகவியலிலும் இலக்கியத் திறனாய்விலும் ஒடுக்கப்பட்ட மக்களைக் குறிக்கும் சொல்லாக நிலைபெற்றுவிட்டது. ‘இறுதிநிலை’ இவ்விரு மயக்கங்களும் அற்றது. ஆயினும் அதன் நேர்ப்பொருளில் ஒரு சிக்கல் உள்ளது: இறுதி என்பது முடிந்துபோன ஒன்றைச் சுட்டுகிறது. முடிவெடுப்பவரின் பார்வையோ அடுத்து வரவிருப்பதன் மேல் நிற்கிறது.

இறுதி அலகா, அடுத்த அலகா?

பொருளியல் பாடம் இறுதிநிலைச் செலவை, ஓர் அலகைக் கூடுதலாக உற்பத்தி செய்வதால் மொத்தச் செலவில் நேரும் மாற்றம் என விளக்குகிறது. வணிகக் கணிதப் பாடம் அதையே மொத்தச் செலவுச் சார்பின் முதல் வகைக்கெழு என்கிறது. இரண்டும் ஒன்றா என்னும் ஐயம் மாணவருக்கு எழுவது இயல்பே. ஓர் எடுத்துக்காட்டால் இதைத் தெளியலாம்.

கூலிக்குக் கம்பி உருட்டித் தரும் ஓர் ஆலையைக் கொள்வோம். மூலப்பொருள் வாடிக்கையாளருடையது, உருட்டும் செலவு மட்டுமே ஆலையுடையது. நாளொன்றுக்கு ‘உ’ டன் உருட்டுவதற்கான செலவு, ஆயிரம் ரூபாயில், பின்வருமாறு அமைகிறது எனலாம்:

செ(உ) = 144 + 2உ + 0.01உ²

இதில் 144 என்பது ஆலை ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஏற்படும் நிலைச்செலவு. கட்டட வாடகை, கடன் வட்டி, மின் இணைப்பின் ஒப்பந்தத் திறனுக்காகக் கட்டும் தொகை போன்றவை இதில் அடங்கும். 2உ என்பது டன்னுக்கு டன் சீராகக் கூடும் செலவு. 0.01உ² என்பது உற்பத்தி மிகும்போது மிகைநேர ஊதியம், இயந்திரத் தேய்மானம் ஆகியவற்றால் விரைந்து ஏறும் செலவு.

உ = 99 எனில் செலவு 440.01. உ = 100 எனில் 444. உ = 101 எனில் 448.01. ஆக, நூறாவது டன்னுக்கு ஆன செலவு 3.99, நூற்றொன்றாவது டன்னுக்கு ஆகும் செலவு 4.01. முன்னது ‘இறுதி’ அலகு. பின்னது ‘அடுத்த’ அலகு. சார்பை வகையிட்டால் 2 + 0.02உ கிடைக்கிறது; உ = 100இல் அதன் மதிப்பு 4.00. வகைக்கெழு இறுதி அலகின் செலவும் அன்று, அடுத்த அலகின் செலவும் அன்று. அவ்விரண்டுக்கும் இடையே நிற்பது.

இதன் காரணத்தை இயற்கணிதமே காட்டிவிடுகிறது. உற்பத்தி உ-விலிருந்து ‘சி’ அளவு கூடுவதாகக் கொண்டு, செலவில் நேரும் மாற்றத்தைச் சி-யால் வகுத்தால் கிடைப்பது:

2 + 0.02உ + 0.01சி

சி = 1 எனில் 4.01; சி = 0.1 எனில் 4.001; சி = –1 எனில் 3.99. சி சுழியத்தை நெருங்க நெருங்க இவ்விகிதம் 4ஐ நெருங்குகிறது. அந்த அணுகுமதிப்பே வகைக்கெழு. ‘இறுதிநிலை’ என்னும் தொடரில் அழுத்தம் ‘இறுதி’யின் மேல் விழுந்தால் மாணவர் நூறாவது டன்னைத் தேடுவார். ‘நிலை’யின் மேல் விழுந்தால், நூறு டன் என்னும் நிலையில் செலவு மாறிக்கொண்டிருக்கும் வேகம் என்பதை உணர்வார். சொல்லை மாற்றாமலேயே ஆசிரியரால் இவ்வழுத்தத்தை மாற்ற இயலும்.

வகைக்கெழு பொருந்தாத இடம்

வகைக்கெழு சிறு மாற்றங்களுக்கு உரியது. நெடுஞ்சாலையில் சரக்கு டன் டன்னாகச் செல்வதில்லை. லாரி லாரியாகச் செல்கிறது. ஒரு லாரிக்கு 20 டன் எனக் கொண்டால், நூறு டன்னிலிருந்து அடுத்த நிலை 120 டன். வகைக்கெழுவை 20ஆல் பெருக்கினால் கூடுதல் செலவு 80 எனக் கிடைக்கும். உண்மையில் செ(120) = 528; கூடுதல் செலவு 84. விடுபட்ட 4 என்பது 0.01 × 20² ஆகும். மாற்றத்தின் அளவு இரு மடங்கானால் இப்பிழை நான்கு மடங்காகும்.

இத்தகைய நிலையில் வகைக்கெழுவைப் பெருக்குவதை விட, அதனைத் தொகையிடுவதே முறை. 2 + 0.02உ என்பதை 100 முதல் 120 வரை தொகையிட்டால் 40 + 0.01 × (14400 – 10000) = 84 என்னும் சரியான விடை கிடைக்கிறது. தொகையீடு என்பது ஒவ்வொரு நிலையிலும் மாறிவரும் இறுதிநிலைச் செலவுகளைச் சேர்த்துக் கூட்டுவதே என்பது இதனால் விளங்குகிறது. நிலைச்செலவு 144 இக்கணக்கில் எங்கும் வருவதில்லை என்பதும் நோக்கத்தக்கது. வகையிடும்போது மாறிலி மறைகிறது என்னும் கணித விதியும், நேற்றே உறுதியாகிவிட்ட செலவு இன்றைய முடிவைப் பாதிக்கக் கூடாது என்னும் பொருளியல் நெறியும் ஒன்றே.

சராசரியை நம்பி எடுக்கும் முடிவு

இக்கருத்தின் நடைமுறைப் பயனை ஒரு வணிக முடிவு வெளிப்படுத்தும். மேற்கண்ட ஆலை நாளொன்றுக்கு 100 டன் உருட்டுகிறது. சராசரிச் செலவு டன்னுக்கு 4.44, அதாவது 4,440 ரூபாய். வாடிக்கையாளர் ஒருவர் மேலும் 10 டன் உருட்டித் தருமாறு கேட்டு, டன்னுக்கு 4,300 ரூபாய் கூலி தர முன்வருகிறார். சராசரிச் செலவைப் பார்க்கும் கணக்கர் டன்னுக்கு 140 ரூபாய் இழப்பு எனக் கருதி மறுத்துவிடுவார்.

100 முதல் 110 வரை தொகையிட்டால் கூடுதல் செலவு 20 + 0.01 × (12100 – 10000) = 41, அதாவது 41,000 ரூபாய். வரவு 43,000 ரூபாய். ஆகவே அப்பணியை ஏற்பதால் 2,000 ரூபாய் ஆதாயமே. அதே ஆலை ஏற்கெனவே 120 டன் உருட்டிக்கொண்டிருந்தால், 120 முதல் 130 வரையிலான கூடுதல் செலவு 45,000 ரூபாய். அப்போது அதே கூலி 2,000 ரூபாய் இழப்பைத் தரும். கூலி மாறவில்லை, ஆலை நிற்கும் நிலை மாறியுள்ளது.

சராசரிச் செலவு 144/உ + 2 + 0.01உ. இதனை வகையிட்டுச் சுழியத்துக்குச் சமப்படுத்தினால் உ² = 14400, உ = 120. அவ்விடத்தில் சராசரிச் செலவு 4.40, இறுதிநிலைச் செலவும் 2 + 2.40 = 4.40. சராசரிச் செலவு மீச்சிறு மதிப்பை அடையும் இடத்தில் இரண்டும் சமமாகும் என்பதைப் பாடநூல்கள் தேற்றமாக நிறுவுகின்றன. அதனைச் சொல்லாலும் விளக்கலாம்: வகுப்பின் சராசரி மதிப்பெண்ணை விடக் குறைந்த மதிப்பெண் பெற்ற மாணவர் புதிதாகச் சேர்ந்தால் சராசரி இறங்கும், கூடிய மதிப்பெண் பெற்றவர் சேர்ந்தால் ஏறும், சராசரிக்கு இணையானவர் சேர்ந்தால் அசையாது. 120 டன்னுக்கு முன்பு புதிய அலகு சராசரியை இழுத்து இறக்குகிறது, பின்பு ஏற்றுகிறது.

எல்லையில் வரி: சமன்பாடு காட்டும் சுமை

எளாவூர் இன்னொரு வகையிலும் இப்பாடத்துக்கு உரிய களம். இங்குத் தமிழ்நாட்டின் ஒருங்கிணைந்த சோதனைச் சாவடி உள்ளது. 2017 ஜூலை 1ஆம் நாள் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தபின் வணிகவரிச் சோதனைச் சாவடிகளின் பணி முடிவுற்றது. போக்குவரத்து, காவல் முதலிய துறைகளின் சோதனை தொடர்கிறது; வரித் தொடர்பான கண்காணிப்பு ‘இ-வே பில்’ வழி நடைபெறுகிறது.

அதற்கு முன்பு மாநிலம் விட்டு மாநிலம் விற்கப்படும் சரக்குக்கு மத்திய விற்பனை வரி உண்டு. அது விற்பவரின் மாநிலத்தில் செலுத்தப்பட்டது. வாங்கும் தொழிற்கூடம் அதனைத் தன் வரியிலிருந்து கழித்துக்கொள்ள இயலாது. எனவே கும்மிடிப்பூண்டியிலிருந்து தடாவுக்குச் செல்லும் சரக்கின் விலையில் அவ்வரி தங்கிவிட்டது. புதிய முறையில் மாநிலங்களுக்கிடையிலான வரி, வாங்கும் தொழிலுக்கு உள்ளீட்டு வரி வரவாகிறது. வருவாய் நுகர்வு மாநிலத்தைச் சேர்கிறது. இம்மாற்றத்தின் பொருளை உணர, விலையில் தங்கும் வரி யார்மேல் விழுகிறது என்பதை அறிதல் வேண்டும்.

தேவை அளவு 120 – 2வி. அளிப்பு அளவு 3வி – 30 எனக் கொள்வோம். வரி இல்லாத நிலையில் இரண்டையும் சமப்படுத்தினால் விலை 30, அளவு 60. இனி அலகொன்றுக்கு 5 வரி விற்பவரிடம் வசூலிக்கப்படுகிறது. விற்பவர் கையில் நிற்பது வி – 5. ஆகவே:

120 – 2வி = 3(வி – 5) – 30

இதனால் விலை 33 ஆகிறது. வாங்குபவர் 3 கூடுதலாகத் தருகிறார்; விற்பவர் 28 பெற்று 2 இழக்கிறார். வரியைச் செலுத்துபவர் விற்பவர். பெரும்பகுதியைச் சுமப்பவர் வாங்குபவர். வரியை வாங்குபவரிடமே நேரடியாக வசூலித்தாலும் சமன்பாட்டின் விடை மாறாது. வாங்குபவரின் பங்கு 3/(2 + 3) என்பது இரு கோடுகளின் சாய்வுகளால் மட்டுமே அமைகிறது. விலை மாற்றத்துக்கு எளிதில் அசையாத தரப்பே மிகுதியாகச் சுமக்கும். தேவை நெகிழ்ச்சி, அளிப்பு நெகிழ்ச்சி ஆகியவற்றைப் பயில்வதன் நோக்கம் இதுவே.

விற்பனை 60இலிருந்து 54 ஆகக் குறைகிறது. தொகையீட்டின் வழி நுகர்வோர் உபரியைக் கணக்கிட்டால் 900இலிருந்து 729 ஆகிறது, இழப்பு 171. உற்பத்தியாளர் உபரி 600இலிருந்து 486 ஆகிறது, இழப்பு 114. இரண்டும் சேர்ந்து 285. அரசு பெறும் வருவாய் 5 × 54 = 270. எஞ்சிய 15 யாருக்கும் சேராத இழப்பு. நடைபெறாமற்போன 6 அலகு வணிகத்தின் விளைவு.

வரி 10 ஆனால் விற்பனை 48, வருவாய் 480. வரி இரு மடங்கானபோது வருவாய் இரு மடங்காகவில்லை. யாருக்கும் சேராத இழப்போ 60 ஆகிறது. அதாவது நான்கு மடங்கு. வருவாய்ச் சார்பு வ(60 – 1.2வ). அதன் வகைக்கெழு 60 – 2.4வ; வ = 25இல் அது சுழியம். அதற்கு மேல் வரியை உயர்த்தினால் வருவாய் குறையும். இங்கும் வினா ‘மொத்த வருவாய் எவ்வளவு’ என்பதன்று; ‘இந்நிலையில் வரியைச் சிறிது கூட்டினால் வருவாய் எவ்வளவு மாறும்’ என்பதே. உருட்டாலையின் வினாவும் அரசின் வினாவும் வடிவில் ஒன்றாகின்றன.

கற்பித்தலுக்கான கருத்துகள்

2018-19ஆம் கல்வியாண்டு முதல் பதினொன்றாம் வகுப்புக்கும், அடுத்த ஆண்டு முதல் பன்னிரண்டாம் வகுப்புக்கும் நடைமுறைக்கு வந்த வணிகக் கணிதப் பாடநூல்கள் வகையீட்டின் பயன்பாடுகள், நெகிழ்ச்சி, நுகர்வோர் உபரி ஆகியவற்றைத் தமிழில் தருகின்றன. கல்லூரி ஆசிரியர் அவற்றின் மேல் கட்டியெழுப்ப மூன்று வழிகள் உள்ளன.

முதலாவது, வகைக்கெழுவின் விதிகளுக்கு முன்பாக வேறுபாட்டு விகிதத்தை எண்களால் கணக்கிடச் செய்தல். 3.99, 4.01, 4.001 என்னும் எண்களைத் தாமே கண்ட மாணவருக்கு எல்லை என்பது அறிமுகமற்ற குறியீடாக இராது. பள்ளியில் கணிதம் பயிலாதவரும் இதனைச் செய்ய இயலும். இதற்குத் தேவைப்படுவது இயற்கணித விரிவாக்கம் மட்டுமே.

இரண்டாவது, விடையைத் தமிழ்த் தொடராக எழுதப் பழக்குதல். ‘செ′(100) = 4’ என்பதோடு நிறுத்தாமல், ‘நாளொன்றுக்கு 100 டன் உருட்டும் நிலையில், உற்பத்தி சிறிதளவு கூடும்போது செலவு டன்னுக்கு ஏறத்தாழ 4,000 ரூபாய் வீதம் கூடுகிறது’ என எழுதச் செய்யலாம். அலகும், நிலையும், ‘ஏறத்தாழ’ என்னும் வரையறையும் அத்தொடரில் இடம்பெறுகின்றனவா என்பதே புரிதலுக்கான அளவுகோல்.

மூன்றாவது, மூன்று கலைச்சொற்களையும் ஒருசேர அறிமுகப்படுத்தல். இணையத்தில் தமிழ்நாட்டு நூல்களும் இலங்கை நூல்களும் மாணவருக்கு ஒருங்கே கிடைக்கின்றன. ‘எல்லைச் செலவு’ எனக் காணும் மாணவர் அதனை வேறொரு செலவு எனக் கொள்ளாதிருக்க, ஒப்பீட்டு விளக்கம் தேவை. ஒரு சொல்லை ஏற்று மற்றவற்றை நீக்குவதை விட, மூன்றும் ஒரே வகைக்கெழுவைச் சுட்டுகின்றன என்பதைத் தெளிவுறுத்துவதே பயன்தரும்.

முடிவுரை

‘இறுதிநிலை’ குறையுடைய சொல் அன்று. ஜெவன்சு கையாண்ட தொடரோடு ஒப்பவைத்து எண்ணத்தக்க, வழக்கில் வேரூன்றிய சொல். அது இறுதி அலகைச் சுட்டுவதாகக் கொள்ளப்படும்போது வகைக்கெழுவிலிருந்து விலகுகிறது. ஒரு நிலையின் மாறுவீதத்தைச் சுட்டுவதாகக் கொள்ளப்படும்போது அதனோடு ஒன்றுகிறது. 4,300 ரூபாய்க் கூலியை ஏற்பதா மறுப்பதா என்னும் முடிவு இவ்விரண்டாவது பொருளை உணர்ந்தவருக்கே சரியாக அமைகிறது. கும்மிடிப்பூண்டி, எளாவூர் பகுதி ஆலைகளின் கணக்குப் பிரிவுகளில் பணிக்குச் செல்லக்கூடிய தமிழ்வழி மாணவருக்கு அவ்வுணர்வைத் தருவது வணிகவியல் துறையின் கடமை மட்டுமன்று. கலைச்சொல்லின் பொருளை ஆராயும் தமிழாய்வின் கடமையும் ஆகும்.